ரேடியோ அண்ணியும் அவசர லைனும்

என் நாத்தனாருக்கு எங்கள் தெருவில் ரேடியோ என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் கொஞ்சம் மரியாதை கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ரேடியோவை அணைக்க ஒரு திருகாவது இருக்கும். என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில், இந்த வீட்டில் மற்றவர்கள் ஏன் இவ்வளவு கம்மியாகப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு முறை வரவில்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது.

அண்ணிக்கு வேலை ஆற்றுப் பாலத்தை ஒட்டிய மேட்டில், வெள்ளக் கண்காணிப்பு அறையில். பெயர்தான் பெரிது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜைமேல் ஒரு போன், கூரைக்கு வெளியே ஒரு சைரன். மேலே மலையடிவாரத்தில் இருக்கும் அணையில் மதகைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் போனுக்குத் தகவல் வரும். வந்ததும் அண்ணி சுவரிலிருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். சைரன் கேட்டால் ஆற்றங்கரைத் தாழ்வில் இருக்கிற நாங்கள் எல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். மதகைத் திறந்த தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்து சேர, ஒரு வாளித் துணியைத் துவைத்துப் பிழிகிற நேரம்கூட ஆகாது.

நான் அந்தத் தாழ்வுத் தெருவில்தான் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அண்ணி வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் மாமனாரும்தான். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போனது. கட்டிலிலிருந்து இறக்கவே ஆள் வேண்டும். ஆகவே அந்தப் போன் அடித்தால்தான் சைரன். சைரன் அடித்தால்தான் எனக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக நேரம். இதை நான் எப்போதும் மனசில் வைத்துக்கொண்டே இருந்ததில்லை. யாரும் அப்படி வைத்துக்கொண்டு வாழ முடியாது.

அண்ணி அந்த அவசரப் போனிலிருந்து எனக்கு நாள் முழுக்கப் பேசுவார். முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்பார். "அப்பா எந்திரிச்சாரா? மாத்திரை போட்டாரா? மூஞ்சி தெளிவா இருக்கா?" அது இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு பாலத்தில் போகிற வண்டிகள், யார் யாரோடு போகிறார்கள், நேற்று கனவில் வந்தது யார், ஏன் வந்தார் என்று போகும். வைப்பார். நான் ஒரு கை தைப்பதற்குள் மறுபடி மணி அடிக்கும். "சொல்ல மறந்துட்டேன் பாரு." நான் மொபைலை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு 'ம்' கொட்டிக்கொண்டே ஜாக்கெட் தைப்பேன். ஒருநாள் வேண்டுமென்றே 'ம்' சொல்லாமல் விட்டுப் பார்த்தேன். அண்ணிக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

நான் கிடைக்காவிட்டால் அணையில் போன் பார்க்கிற பெண்ணைப் பிடித்துக்கொள்வார். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆற்றுக்கு மேல்புறம் இருப்பதால் அண்ணி அவளுக்கு மேல்வீட்டுக்காரி என்று பெயர் வைத்திருந்தார். அவள் மாமியார் சங்கதி முழுக்க எங்கள் தெருவுக்குத் தெரியும்.

முன்பு அந்த அறையில் கம்பி போன் இருந்தது. அதை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன் வைத்தார்கள். கூடவே விளக்குகள் மினுக்குகிற ஒரு சின்னப் பெட்டி. அதை மாட்டிய போன்காரர், போனில் எரிந்த பச்சை விளக்கைக் காட்டி, "இது எரிஞ்சா தலைமை ஆபீஸ் சர்வரோட போன் தொடர்புல இருக்குன்னு அர்த்தம். இதை மட்டும் பாத்துக்குங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். தினமும் காலையில் சோதனை உண்டு. இங்கிருந்து அணைக்குப் பேச வேண்டும், அங்கிருந்து திருப்பிப் பேசுவார்கள். ஒருநாளும் தவறியதில்லை. பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள், அவசர லைனில் ஊர்வம்பு நடக்கிறது என்று. மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது, அண்ணி என்னிடம் பக்கத்துத் தெரு நிச்சயதார்த்தம் நின்றுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வந்து நிற்பதைப் பார்த்தும், கதையின் முக்கியமான இடம் என்பதால், விரலைக் காட்டிக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே ஊரின் அந்தக் கோடியில், மணல் மூட்டையும் கயிறும் அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். புகாரில் தப்பொன்றும் இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. அணையிலிருந்து கூப்பிடுகிற நேரத்தில் இவர் கனவுக்குப் பலன் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

"குறுக்க யாராவது கூப்பிட்டா டொக் டொக்னு சத்தம் வரும். வெச்சுட்டு எடுப்பேன். எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவருக்கு மிலிட்டரி என்று ஒரே நாளில் பெயர் வந்துவிட்டது. ராணுவத்தில் இருந்தவர் இல்லை. மடிப்புக் கலையாத சட்டையும் நிமிர்ந்து உட்காருகிற தோரணையும் அப்படி. காலையில் போனைத் துணியால் துடைப்பார். அணையோடு சோதனை செய்வார். அப்புறம் மறுநாள் காலைவரை அந்தப் போனில் கை வைக்கமாட்டார். 'அவசர லைன், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது' என்று தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினார். சொந்த மொபைலைக்கூடப் பைக்குள் போட்டு மூடிவிட்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பச்சை விளக்கைப் பார்த்தபடி இருப்பார். தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றேன் நானும்.

மழை தொடங்குகிற சமயம், அறையின் ஜன்னல் கொக்கி காற்றுக்குக் கழன்றுவிடும், கயிறு போட்டுக் கட்ட வேண்டும் என்று சொல்வதற்காக அண்ணி கிடங்கிலிருந்து மிலிட்டரிக்குப் போன் போட்டார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. அண்ணிக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

"தூங்குறாரு உங்க மிலிட்டரி!" என்று எனக்குச் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் நேராக அந்த அறைக்குச் சண்டைக்குப் போனார்.

மிலிட்டரி எழுந்து நின்றே பதில் சொன்னாராம். "நான் நாற்காலிய விட்டு நகரவே இல்லம்மா. மணியே அடிக்கல."

"நான் ரெண்டு தடவ போட்டேன். என் காதுல மணி போகுது, உங்களுக்குக் கேக்கலயா?"

"அடிச்சாத்தானே கேக்கும்?"

அவர் ரிசீவரை எடுத்து அண்ணியின் மொபைலுக்குப் போட்டார். அடித்தது. அண்ணி உடனே திருப்பிப் போட்டார். மேஜைமேல் போன் கணீரென்று அடித்தது. "பாத்தீங்களா?" என்றார் மிலிட்டரி. அண்ணி அசடு வழிய வீடு வந்து சேர்ந்தார். அதை என்னிடம் சொல்லும்போது, ஆச்சரியமாக, நடுவில் இரண்டு முறை நிறுத்தினார்.

மறுநாள் மத்தியானம் மறுபடி போட்டுப் பார்த்தார். மணி போனது, எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. அதைக் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டுக் கட்டிலைப் பார்த்தேன். மாமனார் நல்ல கையால் மாத்திரை டப்பாவைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி புகார் கொடுத்தார். போன்காரர் வந்தார், ரிசீவரை எடுத்துத் தன் மொபைலுக்குப் போட்டார், மொபைலிலிருந்து திருப்பிப் போட்டார். எல்லாம் சரி. போய்விட்டார். அண்ணி விடாமல் கொடுத்த இரண்டாவது புகாருக்கும் வந்தார். அதே போல எடுத்தார், அதே போல போட்டார், எல்லாம் சரி. ரேடியோவுக்குப் பழைய நாற்காலி வேண்டுமாம், அதற்குத்தான் இந்தக் கூத்து என்று ஆபீசில் சிரித்தார்கள். என் கணவரும் சேர்ந்துகொண்டார். "அக்காவுக்குக் கிடங்குல பேச ஆளில்ல. மூட்டை பதில் சொல்லாதுல்ல" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. தாழ்வுத் தெருவில் படுத்திருப்பது அவருடைய அப்பா.

மூன்றாவது முறை போன்காரர் வந்தபோது சாப்பாட்டு நேரம். அண்ணி கிடங்கில் அனுமதி கேட்டுக்கொண்டு அங்கே போய்க் குத்துக்கல் மாதிரி நின்றிருந்தார். மிலிட்டரி தன் டப்பாவில் பாதியைப் போன்காரருக்குப் பகிர்ந்து கொடுக்க, இருவரும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள். போன்காரர் வெளியே போய்க் கை கழுவிவிட்டு வந்தார். துடைக்கத் துணி இல்லை. ஈரக் கையோடு ரிசீவரைத் தொட வேண்டாமென்று, மேஜையில் கிடந்த தன் மொபைலில் ஒரு விரலால் அந்த அறை எண்ணைத் தட்டினார். எப்போதும் முதலில் இங்கிருந்து வெளியே பேசுவார். அன்றைக்குத்தான் முதலில் வெளியிலிருந்து உள்ளே பேசினார்.

மொபைலில் மணி போகும் சத்தம் மூவருக்கும் கேட்டது. ஒரு முழம் தள்ளி, போன் சும்மா உட்கார்ந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பச்சை எரியுதே" என்றார் மிலிட்டரி.

"எரியும். அது எப்பவும் எரியும்" என்றார் போன்காரர். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டினார். "போன் வெளிய பேசினா இந்தப் பெட்டி ஒரு கதவத் திறந்து வெக்கும். பதில் அது வழியாத்தான் உள்ள வரும். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலன்னா, ஆள் போயிட்டான்னு நெனச்சு கதவச் சாத்திடும். ஆனா போன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் சர்வர்கிட்ட 'நான் இருக்கேன்'னு சொல்லுது. சர்வர் அத நம்பிட்டு இருக்கு, போனும் நம்பிட்டு இருக்கு. நடுவுல கதவு சாத்திக் கெடக்கு. கூப்பிடறவங்களுக்கு மணிச் சத்தம் சர்வரே தன் பங்குக்குக் கேக்க வெக்கும். இங்க ஒண்ணும் வராது."

"அப்ப நீங்க வந்து பாக்கறப்பல்லாம் அடிச்சுதே?" என்றார் அண்ணி.

"நான் மொதல்ல எடுத்துப் பேசிடறேன் இல்ல? அதுலயே கதவு தொறந்துடுது. சோதிச்சு சோதிச்சு நானே சரி பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கேன். நான் படியெறங்கினதும் சாத்திக்குது."

அண்ணி அந்த அறையில் இருந்த காலத்தில் ஏன் இது யாருக்கும் தெரியவில்லை என்பதையும் அவரே சொன்னார். கதவு சாத்த அண்ணி நேரம் கொடுத்ததே இல்லை. ஒரு பேச்சு முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள் பெட்டிக்கு மறக்க அவகாசம் கிடைக்கவில்லை. அணையிலிருந்து வந்த ஒவ்வொரு அழைப்பும் அந்த நிச்சயதார்த்தக் கதை மாதிரி ஏதோ ஒன்று திறந்து வைத்த வழியாகத்தான் வந்திருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு மருந்து உண்டு. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை போன் தானாக ஒரு வெறும் துணுக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும்படி வைக்கலாம். அதில் சொல் எதுவும் இருக்காது, கதவு சாத்தாமல் இருந்தால் போதும். முதலில் அப்படித்தான் இருந்தது. எல்லாப் போன்களும் சேர்ந்து அனுப்புகிற வெட்டித் துணுக்குகள் சர்வரை அடைக்கின்றன என்று தலைமை ஆபீஸ் அதை மொத்தமாக நிறுத்திவிட்டது. திரும்பப் போட வேண்டுமானால் அவர்கள்தான் போட வேண்டும். பாஸ்வேர்டு அங்கே. பெட்டியிலும் அவர்களுடைய சீல்.

"எழுதிப் போடறேன்" என்றார் போன்காரர். "அதுவரைக்கும், சார், நீங்க அடிக்கடி எடுத்து யார்கிட்டயாவது பேசிட்டே இருங்க."

மிலிட்டரி தன் கையால் எழுதி ஒட்டியதைத் திரும்பிப் பார்த்தார். "எழுத்துல குடுங்க, செய்யறேன். நான் சும்மா பேசிட்டு இருக்கற நேரம் பாத்து அணைலேர்ந்து கூப்பிட்டு, எனக்கு அந்த டொக் டொக் கேக்காமப் போனா? இந்தம்மாவ எதுக்கு மாத்தினாங்களோ அதையே நானும் பண்ணவா?"

அந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அந்த லைனைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எழுத்தில் கொடுக்க யாரும் இல்லை. போன்காரர் போட்ட கடிதம் கிணற்றில் போட்ட கல்.

அண்ணி தன்னால் ஆனதைச் செய்தார். கிடங்கிலிருந்து அந்த அறைக்கு ஓயாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் பயனில்லை, வெளியிலிருந்து தட்டினால் அந்தக் கதவு திறக்காது, உள்ளேயிருந்துதான் திறக்க வேண்டும் என்று போன்காரர் சொன்ன பிறகும் போட்டார். மேல்வீட்டுக்காரிக்குத் தன் மொபைல் எண்ணைக் கொடுத்து, "ரூம்ல எடுக்கலன்னா யோசிக்காத, எனக்கு அடி" என்றார். கொடுத்த பட்டியலில் இருக்கிற எண்ணைத் தவிர வேறு எண்ணுக்கு மதகுத் தகவல் சொல்லக் கூடாது என்பது அவளுக்கு விதி. அவள் "பாக்கலாம் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

அடைமழை பிடித்தது. நான் ராத்திரியில் மாமனாரின் கட்டிலைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். "எதுக்கும்மா?" என்றார். காற்று வரட்டும் என்றேன். மழைக்காலத்தில் காற்று எதற்கு என்று அவர் கேட்கவில்லை. புரிந்துதான் இருக்க வேண்டும்.

மறுநாள் பிற்பகல். மேல்வீட்டுக்காரி அறைக்குப் போன் போட்டாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி போட்டாள். மேலே மதகு ஏறத் தொடங்கிவிட்டது. அவள் ஒரு தரம் தன் அதிகாரியைப் பார்த்தாள், பிறகு அண்ணியின் மொபைலுக்குப் போட்டாள். "அண்ணி, தெறந்துட்டாங்க."

அண்ணி முதலில் எனக்குத்தான் போட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. அவர் கிடங்கு வாசலில் போன சாமான் வண்டியை மறித்து ஏறிக்கொண்டு மேட்டுக்குப் போனார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, மிலிட்டரி விறைப்பாக நாற்காலியில் இருந்தார். எதிரில் போன். பச்சை.

"தெறந்துட்டாங்க! பட்டன அமுக்குங்க!"

"எனக்கு அணைலேர்ந்து தகவல் வரலம்மா."

"எனக்கு வந்துச்சுய்யா!"

"உங்களுக்கு வரக் கூடாது. இந்தப் போன்ல வரணும். தப்பா சைரன் அடிச்சு ஜனங்க பதறி ஓடி ஒருத்தர ஒருத்தர் மிதிச்சா யார் பொறுப்பு?"

அண்ணி அவரிடம் வாதாடவில்லை. ரிசீவரை எடுத்து அணைக்குப் போட்டார். இங்கிருந்து வெளியே போகிற பேச்சுக்கு என்றுமே தடையில்லை. மேல்வீட்டுக்காரி அழுதபடி பேச, ரிசீவரை மிலிட்டரியின் காதோடு வைத்து அழுத்தினார். மிலிட்டரி கேட்டார். பட்டனுக்கு நீட்டிய கை முதல் தடவை பட்டனுக்குப் பக்கத்துச் சுவரில் பட்டது. இரண்டாவது தடவை சைரன் அலறியது.

எங்கள் தெருவில் தண்ணீர் முதலில் வந்தது, சைரன் பிறகு வந்தது. எனக்குத் தெரிந்தது மெஷின் மிதியில் கால் நனைந்ததுதான். என்னவென்று குனிந்து பார்க்கும்போதே சத்தம் கேட்டது. தெருவின் மேல்பாதி ஓடித் தப்பித்தது. அந்தப் பாதிக்கு அந்தச் சைரன் போதுமானதாக இருந்தது. எங்கள் வீடு கடைசி. நானும் எதிர்வீட்டுக்காரரும் மாமனாரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினோம். அதற்குமேல் முடியவில்லை. சுற்றுச்சுவரோடு அவரைச் சாய்த்து, நாங்கள் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்து நின்றோம். தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது, அவருக்கு வாய்க்கு வந்தது. நல்ல கையில் மாத்திரை டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஆட்கள் வந்து கயிறு கட்டி எங்களை இழுத்தபோதும் அதை விடவில்லை.

குடித்த தண்ணீர் நெஞ்சில் தங்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வாரம் முடிவதற்குள் போய்விட்டார். நுரையீரல் நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் உயிர்ச்சேதம் இல்லை என்று அறிவித்தார்கள். நான் அந்தச் செய்தியைக் கேட்டபோது கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அண்ணி அதைப் பொறுக்கி வைத்தார்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அண்ணியையும் மிலிட்டரியையும் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் கூடப் போனேன். அதிகாரி நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். எங்களை உட்காரச் சொன்னார், மாமனாருக்காக வருத்தப்பட்டார். பிறகு ரிசீவரை எடுத்து அணைக்குப் பேசினார். "இப்ப நீங்க கூப்பிடுங்க" என்று வைத்தார். வைத்த கை எடுக்கும் முன்னே போன் அடித்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்றார். மிலிட்டரியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கண் அசந்துட்டீங்களா? மழை நேரம், நடக்கறதுதான்" என்றார்.

மிலிட்டரி எழுந்து நின்றார். "இல்ல சார்" என்றார்.

"சார், போன்காரர் எழுதிக் குடுத்திருக்காரு" என்றார் அண்ணி. "நீங்க எடுத்துப் பேசினதால அடிக்குது. கொஞ்ச நேரம் யாரும் தொடாம இருங்க. ஒரு டீ குடிக்கற நேரம். அப்பறம் அங்கேர்ந்து கூப்பிடச் சொல்லுங்க. உங்க கண்ணாலயே பாக்கலாம்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு எடம் பாக்கணும்மா. இருட்டறதுக்குள்ள போகணும்."

"அப்ப அந்தத் துணுக்கையாவது திரும்பப் போடச் சொல்லுங்க சார்" என்றேன் நான்.

"விசாரணை முடியற வரைக்கும் எதையும் மாத்தக் கூடாது. எது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். அதுதான் முறை." எழுந்தார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "மறுபடி கட்டுது போலிருக்கே" என்றார். வண்டி பாலத்தில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். அண்ணி நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, தான் கீழே உட்கார்ந்தார். "யாரும் தொடாதீங்க" என்றார். மிலிட்டரி சுவரோரம் நின்றார். இவ்வளவு நேரம் அண்ணி பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. வெளியே ஆறு ஓடுகிற இரைச்சல் தெளிவாகக் கேட்டது. நான் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

பிறகு அண்ணி தன் மொபைலில் மேல்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "இப்ப உன் ஆபீஸ் போன்லேர்ந்து இங்க அடி."

"அடிக்கறேன் அண்ணி... மணி போகுது." அவள் ரிசீவரை மொபைலுக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். அங்கே போகிற மணி இங்கே எங்களுக்கு மெல்லியதாகக் கேட்டது. நிதானமாக, விட்டு விட்டு. மேஜைமேல் இருந்த போனிலிருந்து சத்தமே இல்லை. "இன்னும் போயிட்டே இருக்கு. யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. அண்ணி, நீங்க அங்கதானே இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கோம்" என்றார் அண்ணி.

"இங்க காலைலேர்ந்து மறுபடி தண்ணி ஏறுது. ராத்திரிக்குள்ள தெறக்கணும்னு பேசிக்கறாங்க."

அண்ணி மொபைலை அணைத்தார். கீழே தெருவில் சேறு அள்ளிக் கொட்டிவிட்டு ஜனங்கள் வீடுகளுக்குத் திரும்பியிருந்தார்கள், குழந்தைகளோடு. போக அவர்களுக்கு வேறு இடமில்லை.

மிலிட்டரி சுவரை விட்டு நகர்ந்தார். மேஜைக்கு வந்தார். துணியை எடுக்கவில்லை, போனைத் துடைக்கவில்லை. ரிசீவரை எடுத்து, யோசித்து யோசித்து ஒரு எண்ணை அழுத்தினார். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால், எதிர்முனைப் பெண்குரல் எங்களுக்கும் கேட்டது.

"என்னங்க! என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா ஆபீஸ்லேர்ந்து கூப்பிடுவீங்க? இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூப்பிட்டதில்ல. மறைக்காம சொல்லுங்க, எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது."

"ஒண்ணும் ஆகல. சும்மாதான்."

அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி திணறி, தரையில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தார்.

"வெச்சுடாதீங்க" என்றார் அண்ணி, மெல்லிய குரலில். "சாப்பிட்டியான்னு கேளுங்க."

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் மிலிட்டரி.